யான்பு பழைய ஊர்: ஒட்டுப்போட்ட இடத்தில் நில்லுங்கள்

யான்பு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது சுத்திகரிப்பு ஆலை, கேம்ப், கம்பெனி பஸ். 1975இல் ஜுபைல், யான்பு இரண்டுக்குமாக ராயல் கமிஷன் அமைக்கப்பட்ட பிறகு எழுந்த தொழில்நகரம் அது. அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் வருவது யான்பு அல் பஹர் என்னும் பழைய துறைமுகம். மதீனாவுக்குப் போகும் யாத்திரிகர்களும் எகிப்திலிருந்து வரும் தானியமும் நூற்றாண்டுகளாகக் கரையிறங்கிய இடம். தொழில்நகரத்தில் பத்து வருடம் டூட்டி பார்த்துவிட்டு, பழைய ஊருக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காமல் ஊர் திரும்பியவர்கள் நிறைய உண்டு. இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பழைய ஊருக்குத்தான்.

போனவர்களும் பெரும்பாலும் எடுத்து வருவது ஒரே படம்தான். வெள்ளைச் சுவர், அதில் துருத்தி நிற்கும் மரச்சாளரம், முன்னால் கூலிங் கிளாஸ் போட்ட நண்பர். படம் அழகாக இருக்கும். ஜித்தாவில் எடுத்ததா யான்புவில் எடுத்ததா என்று எடுத்தவருக்கே அடுத்த வருடம் தெரியாது. என் அபிப்பிராயம் இது: பழைய கட்டடத்தின் விசேஷம் முகப்பில் இருப்பதில்லை. ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கல் மரத்தைத் தொடும் இடம், பூச்சு உதிர்ந்து கல் எட்டிப்பார்க்கும் இடம், பழைய பலகையில் புதுப் பலகையை ஒட்டுப்போட்ட இடம். கட்டியவரும் குடியிருந்தவரும் பழுதுபார்த்தவரும் கைவைத்த தடம் அங்கேதான் கிடைக்கும். ஆகவே இங்கே போனதும் முகப்பைத் தேடாதீர்கள். ஒட்டைத் தேடுங்கள்.

முதலில் சுவர்

பூச்சு உதிர்ந்த ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து ஒரு முழத் தூரத்தில் நில்லுங்கள். உள்ளே தெரிவது மலைக்கல் அல்ல, கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல். செங்கடலின் இந்தக் கரை நெடுக, ஜித்தாவிலும், எதிர்க்கரையில் சூடானின் சுவாக்கினிலும், பழைய வீடுகளுக்கு இதுதான் செங்கல். ஈரமாக இருக்கும்போது எளிதாக அறுபடும், காய்ந்ததும் இறுகும். உள்ளெல்லாம் நுண்துளை என்பதால் எடை குறைவு, வெயிலையும் உள்ளே விடாது. ஆனால் அதே துளைகள் உப்புநீரை உறிஞ்சும். உப்பு காய்ந்து படிகமாகும்போது மேற்பூச்சைத் தள்ளிவிடும். அதனால்தான் இந்த வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. வீட்டில் ஆளில்லாமல் போனால், சாளரம் உடைவதற்கு முன்பே சுவர் தோலுரியத் தொடங்கிவிடும்.

உற்றுப் பார்த்தால் கல்லில் உயிரின் வடிவம் அப்படியே இருக்கும். சிலவற்றில் தேனடை போன்ற சின்னச் சின்னக் கண்ணறைகள், சிலவற்றில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள், சிலவற்றில் நட்சத்திரம் நட்சத்திரமாக முத்திரை. நடுவே ஒரு சிப்பி முழுசாகச் சிக்கிக்கொண்டிருக்கும். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துக் கற்கள் வேறு வேறு இனமாக இருப்பதையும் காணலாம். இதைப் படமெடுக்க விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு, ஓரடி பின்வாங்கி எடுங்கள். அகல லென்ஸோடு மூக்கை ஒட்டினாற்போல் எடுத்தால் உங்கள் நிழலும் போனின் நிழலும் படத்தில் விழும், ஓரத்துக் கற்களும் கோணிப்போகும். அளவு தெரிய வேண்டுமென்றால் அருகில் ஒரு ரியால் நாணயத்தை விரலால் பிடித்துக் காட்டி ஒரு படம், அது இல்லாமல் ஒரு படம். நாணயத்தைச் சுவரின் பொந்தில் செருகாதீர்கள். கல் பொடிப்பொடியாக உதிரும். கீழே உதிர்ந்து கிடக்கும் துண்டையும் ஞாபகத்துக்கென்று பையில் போடவேண்டாம்.

கீழக்கரைக்காரர் ஒருவரோடு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். நான் துருத்தி நிற்கும் மரச்சாளரம் ஒன்றைக் குறிவைத்துக்கொண்டிருக்க, அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கடல்ல கெடக்கிற கல்லுதானே காக்கா?” என்றார். அவர் சொன்னது சரி. ராமநாதபுரம் கரையில் பவளக்கல் வெட்டிச் சுவர் எழுப்பியதும் சுண்ணாம்பு சுட்டதும் பழைய வழக்கம். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகு அதற்குச் சட்டப்படி இடமில்லாமல் போனது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதாகோவில் சுவர்களிலும், யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் இதே கல்லைப் பார்க்கலாம். தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனவர்கள் உங்கள் போனில் பழைய படங்களைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். யான்புவில் எடுத்த படத்தோடு அதைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே தொடராகவே நிற்கும். வளைகுடாவில் இருக்கும் தமிழ்ப் படப்பிடிப்பாளருக்கு இதைவிட நல்ல தொகுப்பு ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

வெயிலின் கோணம்

கரடுமுரடு தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் சுவரின்மேல் நேராக அடிக்கக்கூடாது, சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். படமெடுப்பவர்கள் எல்லோரும் காலை மாலை என்று சொல்வது இதற்காகத்தான். யான்புவில் அதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஊர் இருப்பது ஏறக்குறைய வடக்கு 24 பாகையில், கடகரேகைக்கு ஒட்டினாற்போல. ஜூன் 21ஐச் சுற்றி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டரை. சவுதி நேரம் கிழக்கே உள்ள தீர்க்கரேகையை வைத்து அமைந்தது என்பதால் இந்த வித்தியாசம். பன்னிரண்டே கால் அளவில் கிழக்குப் பார்த்த சுவர்களில் வெயில் மேலிருந்து கீழாக வழிந்து இறங்கும். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு நிழல் நீளும். பன்னிரண்டே முக்காலுக்கு அதே காட்சி மேற்குச் சுவர்களுக்கு மாறிவிடும். செதுக்கிய சுதை வேலைப்பாடு எதிரில் இருந்தால் அந்த அரைமணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளி வேலைக்கே சவுதியில் தடை இருக்கிறது என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தச் சுவர் என்பதை முதல் நாள் மாலையிலேயே பார்த்து முடிவு செய்துகொண்டு, தண்ணீரோடு போய், எடுத்ததும் நிழலுக்கு வந்துவிடுங்கள். தலைசுற்றினால் படம் வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் நண்பகலில்கூடச் சூரியன் 43 பாகை அளவுக்குத்தான் ஏறும். அப்போது தெற்குச் சுவரில் நேர்வெயில். கிழக்கு, மேற்குச் சுவர்களில் நண்பகலையொட்டிப் பக்கவாட்டில் உரசும் வெயில். நாள் முழுக்க அலையலாம், குளிர்காற்றும் துணை. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பருவத்தைத்தான்.

மரம் கல்லைத் தொடும் இடம்

பவளக்கற்கள் ஒரே அளவில் இருப்பதில்லை, தனியாக நின்று பெரிய பாரம் தாங்குவதும் இல்லை. ஆகவே சுவர் ஓரளவு எழும்பியதும் அதன் குறுக்கே மரச்சட்டங்களைப் படுக்கவைத்து, மட்டம் பார்த்து, மேலே தொடர்ந்து கட்டினார்கள். பூச்சு போன சுவரில் இவை கிடைக்கோடுகளாகத் தெரியும். பலர் இதை விரிசல் என்று எண்ணி விலக்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டின் முனைக்குப் போங்கள். மூலையில் இரு திசைச் சட்டங்கள் ஒன்றையொன்று எப்படிக் கவ்வியிருக்கின்றன, ஆணி அடித்ததா, வெட்டிப் பொருத்தியதா என்று பாருங்கள். ஆணி இருந்தால் அதன் தலையை மட்டும் ஒரு படம் எடுங்கள். உலைக்களத்தில் அடித்த ஆணியின் தலை கோணல்மாணலாக இருக்கும், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆலையில் செய்த கம்பி ஆணியின் தலை சுத்தமான வட்டம். ஒரே கதவில் இரண்டும் இருந்தால் அந்தக் கதவு ஒருமுறையாவது பழுது பார்க்கப்பட்டது என்று அர்த்தம்.

ரவ்ஷன் என்று இங்கே சொல்லும் துருத்துசாளரம்தான் இந்த ஹிஜாஸ் பகுதிக் கட்டடக்கலையின் முகம். தேக்கு போன்ற நல்ல மரம் இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. இந்தப் பாலைக்கரையில் அப்படி மரம் ஏது? இந்தச் சாளரம் வழியே காற்று உள்ளே வரும், வீட்டுப் பெண்கள் வெளியே பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. தண்ணீர்ச் சாடிகளை அதில் வைத்துக் காற்றில் குளிரவைப்பதும் வழக்கம். கெய்ரோவின் சாளரங்களில் கடைந்த சிறு மரமணிகள் கோத்திருக்கும்; ஹிஜாஸில் பெரும்பாலும் மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த பின்னல். இந்த வித்தியாசம் படத்தில் தெரிய வேண்டுமென்றால் முழுச் சாளரத்தையும் எடுப்பதில் பயனில்லை. பின்னலின் ஒரு சாண் பகுதியை நிரப்பி எடுங்கள்.

முன்பக்கத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். நீங்கள் சாளரத்துக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். அதைத் தாங்கும் மரக்கைகள், அவை சுவருக்குள் நுழையும் துளை, அந்தத் துளையைச் சுற்றி அடைத்த சுண்ணாம்பு எல்லாம் அங்கேதான். பிறகு பக்கவாட்டுக்கு வாருங்கள். முன்முகத்தில் செதுக்கிய தச்சர் பக்கத்தில் எவ்வளவு மெனக்கெட்டார் என்று பார்க்கலாம். தெருவில் போகிறவர் கண்படும் பக்கத்தில் பூவேலை, மறுபக்கத்தில் வெறும் பலகை என்றால் அதையும் எடுங்கள். வீட்டுக்காரரின் பணம் எங்கே தீர்ந்தது என்பதற்கு அது ஆதாரம். உச்சியில் தொங்கும் குஞ்சலம் போன்ற விளிம்பில் எத்தனை பல் விழுந்திருக்கிறது என்பதும் விட்டுவிடக்கூடாத விவரம்.

அண்ணாந்து எடுக்கும்போது வானத்தின் வெளிச்சத்தால் மரம் கருத்துப்போகும். போனில் மரத்தின் இருண்ட பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும். வெள்ளைச் சுவருக்கு நேர்மாறு. சுவரைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பூச்சின் வரி தெரியும்.

ஆள் குடியிருக்கும் வீட்டின் சாளரத்தை நோக்கி ஒருபோதும் லென்ஸைத் திருப்பாதீர்கள். உள்ளே யாருமில்லை என்று உங்களுக்குத் தெரிந்தாலும் பக்கத்து வீட்டாருக்கு அது தெரியாது.

புதுப்பித்தது கெட்டதா?

பழைய ஊரின் ஒரு பகுதி பல ஆண்டு பாழாய்க் கிடந்து, பிறகு அரசின் முயற்சியில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. புதுச் சுவர் பளீரென்று இருக்கிறது, புது மரம் ஒரே நிறமாக மின்னுகிறது, அதனால் ‘ஒரிஜினல்’ போய்விட்டது என்று குறைப்படும் படப்பிடிப்பாளர்களைப் பார்க்கிறேன். எனக்கும் அந்த வெண்மை சற்று அதிகம்தான். ஆனால் இந்த வீடுகளுக்கு ஒரிஜினல் என்று எந்த வருடத்தைச் சொல்வது? பூச்சு எப்போதுமே புதுசாகப் பூசப்பட்டு வந்ததுதான். நாம் ரசிக்கும் உதிர்ந்த கோலம், வீடு கைவிடப்பட்ட சில பத்தாண்டுகளின் வேலை. அதைத்தான் பழமை என்று எடுத்துக்கொண்டால், குடியிருந்த காலத்தை விட்டுவிட்டுக் குடியிருக்காத காலத்தை மட்டும் படமெடுத்தவர்களாவோம்.

ஆகவே புதுப்பித்த வீட்டையும் பாழடைந்த வீட்டையும் தனித்தனியாக எடுப்பதைவிட, இரண்டும் சந்திக்கும் எல்லையில் நில்லுங்கள். புதுப்பூச்சு எந்த இடத்தில் நின்றது? மேஸ்திரி கரண்டியை எடுத்த இடம் கோடாகத் தெரிகிறதா? பழைய சட்டத்தில் புதுத் துண்டு சேர்த்த இடத்தில் மரத்தின் ரேகை எங்கே திசை மாறுகிறது? சிமெண்டால் அடைத்த பொந்து, ஏசி வைப்பதற்காக வெட்டிய சதுரம், பின்னல் வழியாக இழுத்த டெலிபோன் ஒயர், கதவில் ஒட்டிப் பாதி கிழித்த அறிவிப்பு இவையெல்லாம் படத்தைக் கெடுப்பவை என்று நகர்ந்து போகாதீர்கள். ஒரு ஏசி துளைக்கு நூறு வருடம் ஆனால் அதையும் ஒருவர் ஆராய்ச்சி செய்வார்.

லாரன்ஸ் வீடு

பழைய ஊரில் எல்லோரும் தேடிப்போகும் கட்டடம் பிரிட்டிஷ் அதிகாரி டி. ஈ. லாரன்ஸ் தங்கிய வீடு. முதல் உலகப்போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியின்போது, 1916 இறுதியில் யான்பு, கிளர்ச்சிப் படையை நடத்திய அமீர் ஃபைசலின் தளமாக இருந்தது. அந்த டிசம்பரில் துருக்கியப் படை ஊரை நெருங்கியது. துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பல்களின் தேடுவிளக்குகள் ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளி முழுக்க வெளிச்சத்தைப் பாய்ச்ச, படை தாக்காமலே திரும்பியது. செங்கடலில் அந்தக் காலத்தில் சுற்றிவந்த கப்பல்களில் ஹார்டிங், டஃபரின் போன்ற ராயல் இந்தியன் மரீன் கப்பல்களும் உண்டு. 1917 ஜனவரியில் ஃபைசல் வடக்கே அல் வஜ்ஹ் நோக்கிப் புறப்பட, யான்புவின் போர்க்காலம் முடிந்தது.

லாரன்ஸ் கேமராவும் கையுமாக இருந்தவர். ஃபைசலின் படை நகர்வதை அவர் எடுத்த படங்கள் லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் இணையத்தில் அவற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்னும் அறுபத்து மூன்று வருடம் பின்னால் போனால், 1853 ஜூலையில் ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் சூயஸிலிருந்து யாத்திரிகர் கப்பலில் இதே துறையில் இறங்கினார். இந்தியாவில் பிறந்த பட்டாணி வைத்தியர் என்பது அவருடைய வேஷம். வெளிப்படையாகக் காகிதமும் பென்சிலும் எடுக்க முடியாத நிலையில் ஒளித்து ஒளித்துக் குறிப்பெழுதியவர் அவர். இன்று நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் பெயர்ப்பலகையோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தகவலுக்கு. பிறகு வீட்டைச் சுற்றி வாருங்கள். பிரபலமானவரின் பெயர் ஒட்டிக்கொண்ட வீடு இது. பெயரில்லாத அண்டை வீடுகளோடு சேர்த்து ஒரே சட்டகத்தில் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேமரா போகக்கூடாத இடங்கள்

இதில் விளையாட்டு வேண்டாம். பொது இடத்தில் படமெடுக்க இப்போது சவுதியில் தடையில்லை. ஆனால் துறைமுகம், எல்லைக் காவல் நிலையம், போலீஸ், ராணுவம், ஆலைகள் ஆகியவற்றை நோக்கிக் கேமராவைத் தூக்காதீர்கள். தொழில்நகரத்தின் எரிகோபுரம் இரவில் எவ்வளவு அழகாக எரிந்தாலும் அது உங்கள் படத்துக்கானது அல்ல. அனுமதி கேட்காமல் ஆட்களை, முக்கியமாகப் பெண்களையும் குடும்பங்களையும் எடுக்கக்கூடாது. 2007ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம், கேமரா போனைக் கொண்டு பிறர் அந்தரங்கத்தில் நுழைவதற்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரியால் வரை அபராதம் என்று சொல்கிறது. ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும். இக்காமாவைக் கையில் வைத்திருங்கள். காவலாளி வந்து கேட்டால் சலாம் சொல்லி, எடுத்த படங்களை நீங்களே காட்டுங்கள். ஆணித்தலையையும் பூச்சு விரிசலையும் பார்த்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இரவிலும் போகலாம்

கோடையில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் கடற்கரை ஈரப்பதத்தில் லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். காரிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெளியே இருபது நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு திறங்கள். கடலோரத் தூசியில் உப்பு கலந்திருக்கும். துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள்.

சூக் அல் லைல் என்னும் இரவுச் சந்தை பழைய ஊரை ஒட்டியே இருக்கிறது. பேரீச்சம்பழம், தேன், நெய்க் கடைகளை எட்டிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கடைக்காரரை எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். பலர் சந்தோஷமாக நிற்பார்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கடைவிளக்கு மேலிருந்து விழும் இடங்களில் சுவரின் மேடுபள்ளம் ஜூன் மாதத்து உச்சிவெயிலில் போலவே தெரியும், வியர்வை மட்டும் குறைவு. மஞ்சள் பல்பும் வெள்ளை எல்ஈடியும் கலந்திருந்தால் போனின் தானியங்கி நிறத்தை நம்பாமல், ஏதாவது ஒரு விளக்கை மட்டும் கணக்கில் வைத்து நிறத்தை நிலைப்படுத்துங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

அன்றிரவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: தேதி, மணி, சுவர் பார்க்கும் திசை, தரையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு உயரம், பக்கத்தில் எந்த வாசல். ஒட்டுகளின் படங்கள் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலிருக்கும், எந்த வீட்டு ஆணி என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் நுணுக்கப் படங்களுக்கு முன்னால் தூரத்திலிருந்து ஒரு முழுப்படம் எடுத்துவைத்தால் பாதிச் சிக்கல் தீரும். புதுப்பிப்பு வேலை நடக்கும் ஊர் என்பதால், இன்று நீங்கள் எடுத்த விரிசல் அடுத்த லீவில் போகும்போது பூசப்பட்டிருக்கலாம். அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே லென்ஸில் மறுபடி எடுக்க இந்தக் குறிப்பு உதவும்.

ஜித்தாவுக்குக் காரில் நான்கு மணிநேரத்துக்குள் போய்விடலாம். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அல் பலத் பகுதியும், ஒட்டகம் ஏறும் அளவுக்கு அகலப் படிக்கட்டு கொண்ட நஸீஃப் மாளிகையும், அதன் வாசலில் நிற்கும் வேப்பமரமும் அடுத்த அத்தியாயத்தில். அங்கே கூட்டம் அதிகம். முக்காலி கொண்டு போவதென்றால் வெள்ளிக்கிழமை காலை தொழுகைக்கு முன்பே போய்ச் சேருங்கள்.